எடை குறைஞ்சதுக்குக் கை தட்டாதீங்க. எது குறைஞ்சதுன்னு கேளுங்க.

1/
"மூணு மாசத்துல 12 கிலோ குறைச்சிட்டேன் டாக்டர்" என்று யாராவது சொன்னால் நாம் எல்லோரும் உடனே கை தட்டுகிறோம். நான் இப்போதெல்லாம் தட்டுவதில்லை. "12 கிலோ எதுல குறைஞ்சது? கொழுப்பா, தசையா?" என்று கேட்கிறேன். பல வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே வைத்தியம் பார்த்தவள் நான். அதனால் நடந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நீளமான பதிவு. ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

2/
காலை ஐந்தரை மணிக்குக் கோவளம் வந்து பாருங்கள். ஈசிஆரில் சைக்கிள் கூட்டம் மாமல்லபுரம் பக்கம் பறக்கும். கடற்கரையில் வாக்கிங் போவார்கள். கேளம்பாக்கம் ரோட்டில் ஐடி பிள்ளைகள் ஓடுவார்கள். எல்லோர் கையிலும் வாட்ச், வாட்சில் ஸ்டெப் கணக்கு. நல்ல காரியம்தான். ஆனால் இத்தனை பேரில் பாரம் தூக்குபவர் ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் பாரம் தூக்குகிற ஒரே ஆள், ஐஸ் பெட்டி இறக்குகிற மீனவர்தான்.

3/
ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 58. ஒரு காலத்தில் தலையில் அன்னக்கூடை வைத்து மீன் விற்றவர். மகன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் வீட்டோடு இருந்துவிட்டார். சர்க்கரை, பிரஷர், 82 கிலோ. எங்களில் பெரும்பாலானவர்கள் எழுதுவதைத்தான் நானும் எழுதிக் கொடுத்தேன்: வாக்கிங் போங்க, சாப்பாட்டைக் குறைங்க, எடையைக் குறைங்க.

4/
அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் விடியற்காலையில் முட்டுக்காடு பக்கம் வரை நடை. ராத்திரிச் சோறு நின்றது. அதற்குப் பதிலாக டீயும் ரெண்டு பிஸ்கட்டும். "கவிச்சி சூடு, கொழுப்பு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மீனும் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாசத்தில் 68 கிலோ. சர்க்கரை மாத்திரை பாதியானது. நான் கிளினிக்கிலேயே எழுந்து நின்று கை தட்டினேன். மற்ற நோயாளிகளிடம் "அந்த அம்மாவைப் பாருங்க" என்று உதாரணம் காட்டினேன்.

5/
நடுவில் அவர் என்னிடம் சொன்னவை இப்போது வரிசையாக ஞாபகம் வருகின்றன. "பாத்ரூம்ல உக்காந்தா கை ஊனித்தான் எந்திரிக்கிறேன்." "தண்ணி குடம் தூக்க முடில, பாதி பாதியா எடுத்தாறேன்." "பஸ்ல ஏற யாராவது கை குடுக்கணும்." மூன்று முறை மூன்று விதமாகச் சொன்னார். மூன்று முறையும் நான் சொன்ன பதில் ஒன்றே: "வயசாகுதில்லம்மா." எடை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்த என் காதில் அவர் சொன்னது ஏறவில்லை.

6/
பத்தாவது மாசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன், ஆறு வாரம் படுக்கை, அப்புறம் வாக்கர். பார்க்கப் போனபோது கோபமாகக்கூட இல்லை, குழப்பமாகத்தான் கேட்டார்: "நீ சொன்னதத்தானே செஞ்சேன் டாக்டரம்மா?"

ஆமாம். நான் சொன்னதைத்தான் செய்தார். தப்பு என்னுடையது.

7/
எடை குறைந்ததால்தான் எலும்பு முறிந்தது என்று சொல்ல மாட்டேன். வயது, மாதவிடாய் நின்றது, ஈரமான தரை என்று பல காரணங்கள். ஆனால் வழுக்கும் நொடியில் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அந்தத் தசையைக் காப்பாற்ற நான் ஒரு வார்த்தைகூட எழுதித் தரவில்லை. பட்டினிக்கும் நடைக்கும் மட்டும் சீட்டு எழுதினேன். 14 கிலோவில் கொழுப்போடு சேர்த்து அவருடைய காலையும் கரைத்துவிட்டேன்.

8/
இனி விஷயத்துக்கு வருவோம். எடை மெஷினுக்குக் கொழுப்பு எது, தசை எது, தண்ணீர் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டிச் சொல்லும். சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், இறங்குவதில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்லாத நிறையாக இருக்கும் என்பது பொதுவான மருத்துவக் கணக்கு. புரதமும் குறைந்து, வேகமும் கூடி, வயதும் ஏறியிருந்தால் இழப்பு இன்னும் அதிகம்.

9/
ஏன் இப்படி? வருமானம் குறைந்த வீட்டில் எதை முதலில் விற்பார்கள்? சும்மா கிடப்பதை. உடம்பும் அதையேதான் செய்கிறது. சாப்பாடு குறைந்தால் சேமிப்பான கொழுப்பை எடுக்கும். கூடவே "இந்தத் தசையை யாரும் உபயோகிக்கவில்லை, இதைப் பராமரிக்க எதற்குச் செலவு?" என்று அதையும் கரைக்கும். "இது எனக்கு வேணும்" என்று உடம்புக்குச் சொல்ல ஒரே வழி, அந்தத் தசைக்கு வேலை கொடுப்பது. அதாவது பாரம் தூக்குவது.

10/
"நடக்கறதும் வேலைதானே டாக்டர்?" வேலைதான். ஆனால் அந்த வேலைக்கு உங்கள் தொடை எப்போதோ பழகிவிட்டது. பத்தாயிரம் அடி வைத்தாலும் ஒவ்வொரு அடியும் லேசான அடிதான். இதயத்துக்கு நல்லது, பிரஷருக்கு நல்லது, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கு ரொம்ப நல்லது. தசையைக் காப்பாற்ற மட்டும் அது போதாது. இன்னொரு தகவல்: பத்தாயிரம் என்ற எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்தது அல்ல. 1965ல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது.

11/
ஆதாரம் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். 2017ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட, உடல் பருமன் உள்ள 160 பேர். மூன்று குழுக்களுக்கு எடைக் குறைப்பு உணவு. அதோடு ஒரு குழுவுக்கு நடை போன்ற ஏரோபிக் பயிற்சி, ஒன்றுக்கு எடைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும். நான்காவது குழு ஒப்பீட்டுக்கு. ஆறு மாசத்தில் மூன்று குழுக்களிலும் எடை 9 சதவீதம் குறைந்தது. மெஷினைக் கேட்டால் மூன்றும் ஒன்று என்றுதான் சொல்லும்.

12/
ஆனால் உள்ளே பார்த்தால்? ஏரோபிக் மட்டும் செய்தவர்கள் கொழுப்பு அல்லாத நிறையில் 5 சதவீதம் இழந்தார்கள். எடைப் பயிற்சி செய்தவர்கள் 2 சதவீதம், இரண்டும் செய்தவர்கள் 3 சதவீதம். இடுப்பு எலும்பின் அடர்த்தி ஏரோபிக் குழுவில் 3 சதவீதம் குறைந்தது, எடைப் பயிற்சிக் குழுவில் அரை சதவீதம்தான். நடமாடும் திறன் அதிகம் கூடியது இரண்டையும் செய்தவர்களுக்கு. அந்த அம்மாவின் தொடையும் இடுப்பும் இந்த எண்களுக்குள் இருக்கின்றன.

13/
"நான் ஒல்லிதான், எனக்கு இது பொருந்தாது" என்று கடந்து போகப் பார்க்கும் தம்பி, நில்லுங்கள். 2004ல் லான்செட் இதழில் இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் படத்தையே போட்டார்கள். புனேயின் யாக்னிக், லண்டனின் யூட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, அச்சு அசல் ஒன்றே. உடல் கொழுப்பு? யூட்கினுக்கு 9.1 சதவீதம். யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியான கை, ஒல்லியான கால், உள்ளே கொழுப்பு. இது நம்மில் ரொம்பப் பேருடைய உடம்பு.

14/
நாட்டுக் கணக்கும் அதையே சொல்கிறது. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். பிஎம்ஐ கணக்கில் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடை மெஷின் பிடிப்பதைவிட இடுப்பு டேப் நிறையப் பேரைப் பிடிக்கிறது.

15/
இதில் தசைக்கு என்ன பங்கு? சாப்பிட்டபின் இன்சுலின் சொல் கேட்டு ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்து வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சின்னதானால் சர்க்கரை தெருவில் நிற்கும். ஏற்கெனவே நமக்குக் கிடங்கு சின்னது. அதை இன்னும் சின்னதாக்கிவிட்டு "சூப்பர், 12 கிலோ குறைஞ்சிடுச்சு" என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். போன எடை திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் வரும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. ரெண்டு மூணு முறை இப்படிக் குறைத்து ஏற்றினால், அதே எடையில் முன்பைவிட மோசமான உடம்பில் நிற்பீர்கள்.

16/
இப்போது ஊசிக் காலம் வேறு. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி இந்தியாவுக்கு வந்தன. நான் ஊசிக்கு எதிரி இல்லை. சரியான ஆளுக்கு அவை அருமையான மருந்துகள். ஆனால் வெகோவியில் உள்ள மருந்தின் முக்கிய ஆய்வில் ஸ்கேன் எடுத்த பிரிவினருக்கு, குறைந்த எடையில் பத்தில் நான்கு பங்கு அளவுக்குக் கொழுப்பு அல்லாத நிறையாக இருந்தது. அதில் தண்ணீரும் உண்டு, எல்லாம் தசை இல்லை. ஆனாலும் பசியே இல்லாமல், புரதம் சாப்பிடாமல், பாரம் தூக்காமல் ஊசியை மட்டும் போடுவது, வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று தூணையும் சேர்த்து இடிக்கிற வேலை.

17/
சரி, யார் மேல் கோபம்? முதலில் என் மேல், என் சக டாக்டர்கள் மேல். "எக்ஸர்சைஸ் பண்ணுங்க" என்று ஒரே வரி எழுதி நோயாளியை அனுப்புகிறோம். மாத்திரைக்கு மட்டும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதுகிறோம். உடற்பயிற்சிக்கு ஏன் அளவு எழுதுவதில்லை? நேரம் இல்லை என்பது பாதி உண்மை. நமக்கே தெரியாது, நாமே செய்வதில்லை என்பது மீதி. 45 வயது வரை நான் ஒரு டம்பெல்லைத் தொட்டது இல்லை.

18/
இரண்டாவது, "30 நாளில் 10 கிலோ" வியாபாரிகள். ஜூஸ், பவுடர், பட்டினி, வியர்க்க வைக்கும் பெல்ட். முதல் வாரம் தண்ணீர் இறங்கும், அப்புறம் தசை இறங்கும், மெஷின் சந்தோஷமாக எண்ணைக் குறைத்துக் காட்டும். போட்டோ எடுத்துப் போடுவார்கள். ஒரு வருஷம் கழித்து அதே ஆளின் போட்டோவைப் போடச் சொல்லுங்கள் பார்ப்போம். மிக வேகமாக எடை இறக்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும். அதையும் அந்த விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

19/
மூன்றாவது, அரசு. 2023 நவம்பர் 4ல் "நடப்போம் நலம் பெறுவோம்" தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஏன் நடையோடு நிறுத்தினோம்? உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது இரண்டும்தான்: வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி. முதல் பாதியை ஊரெல்லாம் போர்டு வைத்துச் சொல்கிறோம். இரண்டாம் பாதி எங்கே?

20/
2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" மூலம் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். வாதம் வந்து படுத்தவருக்கு, விழுந்து எலும்பு முறிந்தவருக்கு. இது பெரிய விஷயம். நான் கேட்பது ஒன்றே: விழுந்தபின் வீட்டுக்கு வரும் அந்தக் கை, விழுவதற்கு முன்பே ஒரு முறை வந்து "இப்படி உக்காந்து எழுந்திருங்க அம்மா" என்று சொல்லித் தரக்கூடாதா? சுகர் மாத்திரை கொடுக்கும்போதே ஐந்து பயிற்சிகளை அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தால் எவ்வளவு செலவாகிவிடும்?

21/
"அந்தக் காலத்துல எல்லாம் ஜிம் இருந்துச்சா?" என்று கமெண்ட் வரும் என்று தெரியும். இருந்தது. கிராமத்தில் இளவட்டக்கல் இருந்தது. குஸ்திக்காரர்களுக்குக் கர்லாக்கட்டை இருந்தது. பெண்களுக்கு உரல், அம்மி, கிணற்றுக் கயிறு, தண்ணீர்க் குடம். இந்தக் குப்பத்தில் கட்டுமரத்தைத் தோளில் தூக்கிக் கரையேற்றினார்கள். அதைப் பொற்காலம் என்று நான் கொண்டாடவில்லை. அந்த உழைப்பு பலருடைய முதுகை ஒடித்தது. மிக்ஸியும் மோட்டாரும் வந்தது நல்லதற்கே. ஆனால் பாரம் போனபோது தசைக்கு மாற்று வேலை எதுவும் நாம் கொடுக்கவில்லை.

22/
இனி உங்கள் சாக்குகள். ஒவ்வொன்றாக எடுப்போம்.

"வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவேன்." ஆக மாட்டீர்கள். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. வருஷக்கணக்கில் வெறியாகப் பயிற்சி செய்யும் பெண்களே அரும்பாடு பட்டுத்தான் தசை சேர்க்கிறார்கள். வாரம் ரெண்டு நாள் அரிசிப் பை தூக்கினால் கை இறுகும், அவ்வளவுதான்.

"கருப்பை இறங்கிடும்." ஏற்கெனவே இறக்கம் இருந்தால், அல்லது இருமினால் சிறுநீர் கசிந்தால், முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் மூச்சைப் பிடிக்காமல், லேசான பாரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்லும் அதே வீட்டில்தான் மருமகள் இடுப்பில் குடத்தோடு மாடி ஏறுகிறாள். அப்போது யாருக்கும் கருப்பை ஞாபகம் வருவதில்லை.

23/
"முட்டி தேஞ்சிடும்." தலைகீழ். மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் வரிசை வைத்தியமே தொடைத் தசையை வலுவாக்குவதுதான்.

"ஜிம்முக்குப் போனா ஹார்ட் அட்டாக் வருது." 2021 அக்டோபரில் நடிகர் புனீத் ராஜ்குமார் மறைந்ததிலிருந்து இந்தப் பயம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பயம் புரிகிறது. 40 தாண்டியவர், சர்க்கரை, பிரஷர், புகை, குடும்பத்தில் இதய நோய் இருந்தால் தொடங்குமுன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நடந்தால் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல், மயக்கம் இருந்தால் பயிற்சி வேண்டாம், முதலில் டாக்டர். ஆனால் மொத்தமாக விலகுவது பாதுகாப்பு இல்லை. 17 நாடுகளில், இந்தியா உட்பட, சுமார் 1.4 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ப்யூர் ஆய்வில், கைப்பிடி வலு 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. வலுக் குறைவுதான் அபாயத்தின் அடையாளம்.

24/
"எனக்கு வயசாயிடுச்சு." 1990ல் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேரைக் காலுக்கு எடைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். எட்டு வாரம். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்களுக்கு என்ன வயசு?

25/
"ஒரே நேரத்துல கொழுப்பும் குறைஞ்சு தசையும் ஏறுமா?" புதிதாகத் தொடங்குபவருக்கு, உடம்பில் கொழுப்பு அதிகம் உள்ளவருக்கு, ஓரளவு ஏறும். மற்றவர்களுக்கு இருக்கும் தசை போகாமல் நின்றாலே வெற்றி. மெஷினில் எண் மெதுவாக இறங்கும், சில வாரம் இறங்கவே இறங்காது. அப்போது பேன்ட் தளரும். பேன்ட்டை நம்புங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள். இதுதான் இலக்கு.

26/
இப்போது வேலை. ஜிம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வீடு போதும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி, அரை மணி நேரம்.

ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊனாமல் எழுவது. பழகியதும் மார்போடு ரெண்டு கிலோ அரிசிப் பை, அப்புறம் ஐந்து கிலோ.
இரண்டு: சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. பழகியதும் சமையல் மேடை, அப்புறம் தரை.
மூன்று: ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் கட்டி, முழங்கையைப் பின்னால் இழுப்பது.
நான்கு: முதுகு வளையாமல், இடுப்பிலிருந்து குனிந்து தரையிலிருக்கும் பையைத் தூக்குவது.
ஐந்து: இரண்டு கையிலும் சமமான பை பிடித்து, நிமிர்ந்து வீட்டுக்குள் நடப்பது.

27/
முதல் நாலில் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. ஐந்தாவதில் ஒரு சுற்றுக்கு அரை நிமிட நடை. கடைசி ரெண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாக 12 செய்தால் பாரத்தைக் கூட்டுங்கள். இந்தக் கூட்டுவதுதான் சூட்சுமம். வருஷம் பூரா அதே ஒரு கிலோ பிங்க் டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருந்தால் அது பயிற்சி இல்லை, பொழுதுபோக்கு. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள். நடையை விட வேண்டாம், மற்ற நாட்களில் நடங்கள்.

28/
யார் என்னைக் கேட்காமல், அதாவது உங்கள் டாக்டரைக் கேட்காமல், தொடங்கக் கூடாது? இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள், ஏனென்றால் சர்க்கரை தாழலாம். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் கசிவு உள்ளவர்கள். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள். ஹெர்னியா, சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்கப் போனேன் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

29/
சாப்பாடு. வாரத்துக்கு அரை கிலோ அளவில் எடை இறங்கினால் போதும். குறைக்க வேண்டியது சோற்று மலையை, இனிப்பை, வறுவலை, டீக்கடை பஜ்ஜியை. குறைக்கக் கூடாதது புரதத்தை. 2025ல் வெளியான ஐசிஎம்ஆர் உணவு ஆய்வின்படி நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, 12 சதவீதம்தான் புரதம். எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 கிராம்.

30/
பயப்பட வேண்டாம், கணக்கு போடலாம். ரெண்டு முட்டை 12 கிராம். நூறு கிராம் மீன் சுமார் 20. சங்கராவோ மத்தியோ நெத்திலியோ, வஞ்சிரம்தான் வேண்டும் என்று இல்லை. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12. ஒரு டம்ளர் பால் அல்லது தயிர் 6. ஒரு கப் பருப்பு 6, 7. மீதி 15 கிராம் அளவு இட்லியிலும் சோற்றிலுமே வந்துவிடும். சைவமா? முட்டைக்கும் மீனுக்கும் பதில் 50 கிராம் சோயா உருண்டை 25 கிராம், கூட 50 கிராம் பனீர் 9. புரத பவுடர் கட்டாயம் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவோடு நிற்கவும். ஆரோக்கியமான சிறுநீரகத்தை முட்டையும் மீனும் பழுதாக்காது.

31/
இன்று ராத்திரியே ஒரு சோதனை. உங்களுக்கு இல்லை, உங்கள் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மாமியாருக்கு. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் நில்லுங்கள். போனில் நேரம் பாருங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால், ஆசிய நிபுணர் குழு 2019ல் வகுத்த அளவுப்படி தசைக் குறைவு இருக்கலாம் என்று அர்த்தம். கை ஊனாமல் எழவே முடியவில்லை என்றால் இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்த டாக்டர் "வயசாகுதில்ல" என்று சொன்னால், இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

32/
அந்த அம்மா? வாக்கரை விட நாலு மாசம் ஆனது. இப்போது வாரம் ரெண்டு நாள் கிளினிக் வராந்தாவுக்கு வருகிறார். முதல் நாள் கை ஊனாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை. இப்போது ஐந்து கிலோ அரிசிப் பையோடு பத்து முறை எழுகிறார். ஐந்து முறைக்கு 10 வினாடி. மீனும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டி வந்து, என்னைவிடக் கண்டிப்பாக வாங்குகிறார்: "மூச்ச அடக்காத, உடு."

33/
போன வாரம் எடை பார்த்தார். 69 அரை. முகம் வாடிவிட்டது. "ஏறிப்போச்சே டாக்டரம்மா, திட்டாத." டேப் எடுத்து இடுப்பை அளந்தேன். நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. "இந்த ஒன்றரை கிலோ நான் உங்ககிட்ட இருந்து எடுத்தது. திருப்பி வாங்கிட்டீங்க" என்றேன். நம்பிக்கை இல்லாமல்தான் பார்த்தார். போகும்போது வாசலில் இருந்த 20 லிட்டர் தண்ணி கேனை, நான் "வேணாம், வேணாம்" என்று கத்தக் கத்த, உள்ளே தூக்கி வைத்துவிட்டுப் போனார். முதுகு வளையவில்லை. மூச்சையும் அடக்கவில்லை.

34/
இதைப் படிக்கும் டாக்டர்களுக்கு: நாளைக்கு எழுதும் முதல் சீட்டில், "எக்ஸர்சைஸ்" என்ற ஒற்றை வார்த்தையை அடித்துவிட்டு "நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 10 முறை, 2 சுற்று, வாரம் 2 நாள்" என்று எழுதுங்கள். மாத்திரை எழுதும் அதே கையெழுத்தில்.

மற்ற எல்லோருக்கும்: 31ல் சொன்ன சோதனையைச் செய்துவிட்டு, எத்தனை வினாடி என்று கமெண்டில் போடுங்கள். நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன். எடை எவ்வளவு என்று மட்டும் தயவுசெய்து யாரும் போட வேண்டாம்.